ஏரிக்கரை வரை ஒரு நடை

எங்கள் தெருவில் "சாப்பிட்டாச்சா" என்று யாரும் கேட்பதில்லை. "எந்த ஷிஃப்ட்?" என்றுதான் கேட்கிறார்கள். ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். ஓசூருக்கு வந்து ஆறு வருடமாகியும் எனக்கு அது பழகவில்லை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் மாலை, ஒரு வாரம் இரவு என்று மாறிமாறி ஓடியதில் எந்நேரமும் அசதி. கம்பெனியில் எங்கள் லைனில் வேலை பார்க்கும் எல்லாப் பெண்களுக்கும் இதே கதைதான். கம்மல் எங்கே வாங்கினாய் என்பதுபோல, என்ன கேப்சூல் சாப்பிடுகிறாய் என்று விசாரித்துக்கொள்வோம். சத்து மாத்திரை, மீன் எண்ணெய், பவுடர் டப்பா என்று என் சமையலறை அலமாரி நிறைந்ததே தவிர, அசதி போகவில்லை.

ரத்தம் பரிசோதித்த டாக்டரம்மா, "குறை ஒண்ணும் இல்லையே. நேரத்துக்குச் சாப்பிடறீங்களா? தூங்கறீங்களா? வெயில்ல நடக்கறீங்களா?" என்றார். நான் சாப்பிடும் மாத்திரைகளை வரிசையாகச் சொன்னேன். "அப்ப மாத்திரையை விட்டுட்டு இதைப் பாருங்க" என்றார். சொல்வது சுலபம், ஷிஃப்ட்டை யார் மாற்றித் தருவது? சோறும் கீரையும் கட்டிக்கொண்டு போனேன். வெளிச்சம் இருக்கும்போது நடந்தேன்.

சாத்தூர்ப் பக்கம் எங்கள் ஊரில் அம்மா குச்சி அடுக்கத் தீப்பெட்டி ஆபீசுக்கு நடந்தே போய் வந்தவள். அதை யாரும் வாக்கிங் என்று சொன்னதில்லை. அவளும் அசந்துபோய்த்தான் படுத்தாள், அந்தக் காலத்தை நினைத்து ஏங்க ஒன்றுமில்லை. ஆனால் அவள் எங்கே போகிறாள் என்று பார்ப்பவர்களுக்குத் தெரியும். இங்கே எனக்குப் போக இடமில்லை. ஏரிக்கரை வரை போய்த் திரும்புவேன்.

ஓரிரு நாளிலேயே எதிர்வீட்டு ரத்னம்மா வாசலில் மறித்தார். வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், என்னிடம் தமிழ் பேசுகிறவர்.

"வீட்ல எதுனா சண்டையாம்மா?"

"இல்லக்கா, சும்மா நடக்கேன்."

"சும்மாவா?" என்றவர், செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்துவிட்டார். முட்டிவலியோடு தினமும் வந்தார். எனக்கு மெல்லத் தூக்கம் பிடித்தது. சோறு ருசித்தது.

ஒருநாள், "உங்களாலதான் ஒடம்பு தேறுச்சுக்கா" என்றேன்.

"ஒடம்புக்குத்தான் நடந்தியா? நான் வேற நெனச்சிட்டேன். மூஞ்சி அப்படி இருந்திச்சு. தனியா ஏரிப் பக்கம் போறியேன்னு பயந்துட்டேன். அதான் தண்ணிப் பக்கம் உன்ன விடாம நானே நடந்தேன்."

சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. எனக்கு அப்படி ஒரு நினைப்பு வந்ததே இல்லை. ஆனால் பார்க்கிறவர் பயப்படும் அளவுக்கு ஓய்ந்துபோயிருந்தேன் என்பது எனக்கும் தெரியவில்லை, வேறு ஷிஃப்ட்டில் ஓடும் என் கணவருக்கும் தெரியவில்லை. அன்று வெகுநேரம் மனசு ஆறவில்லை.

மறுநாள் அம்மா போனில், "ஒடம்பு சேரலன்னா கெளம்பி வந்திரு தாயி. அங்க ஒனக்கு யாரு இருக்கா?" என்றாள். பதில் சொல்வதற்குள் ரத்னம்மா கேட்டைத் தட்டினார். போனை வைக்காமலே செருப்பை மாட்டினேன். அம்மா காதில் பேசிக்கொண்டே வந்தாள். தண்ணீர்ப் பக்கம் ரத்னம்மா நடந்து வந்தார்.