பெட்டி பேசக்கூடாது

பெட்டியை ஒருக்களித்துக் கிடத்தி, மடியிலிருந்து ஒரு பிடி சாமையை எடுத்து அதன் விலாப் பலகையில் பரவலாகத் தூவுகிறார் கொளஞ்சியம்மாள். அப்புறம் டேப் ரெக்கார்டரின் பொத்தானை அழுத்துகிறார். உள்ளே பதினைந்து அங்குல ஸ்பீக்கர் முனகத் தொடங்கியதும் சாமை மணிகள் நகர ஆரம்பிக்கின்றன. பலகையின் ஓரங்களில் அவை சும்மா கிடக்கின்றன. நடுவில் ஓரிடத்தில் மட்டும் தாளிப்பில் விழுந்த கடுகாகத் துள்ளுகின்றன. காதில் செருகிய பென்சிலை எடுத்து அந்த இடத்தில் ஒரு பெருக்கல் குறி போடுகிறார். அங்கே உட்புறமாக ஒரு குறுக்குக் கட்டை அடித்தாக வேண்டும்.

“பாட்டுதான் பேசணும். பொட்டி பேசக்கூடாது.” பெட்டி வாங்க வருகிற எல்லோரிடமும் அவர் சொல்வது இது. நாலைந்து ஸ்க்ரூவை உதட்டில் கவ்விக்கொண்டே சொல்வதால், புதிதாக வந்தவர் இன்னொரு தடவை கேட்டுத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற சாலையில் ஒரு மரவாடி இருக்கிறது. அதன் பின்பக்கத் தகரக் கொட்டகைதான் அவருடைய பட்டறை. பெயர்ப் பலகை கிடையாது. ஆனாலும் மணலூர்பேட்டை தொடங்கி உளுந்தூர்பேட்டை வரை மைக் செட் வைத்திருப்பவர்களில் ‘பொட்டிக் கொளஞ்சி’யைத் தெரியாதவர் எவருமில்லை. வயது நாற்பத்தாறு. புடவைக்கு மேல் ஒரு முழுக்கைச் சட்டை, அந்தச் சட்டையில் காய்ந்துபோன பசையால் ஒரு தேசப்படம். கணவர் வேடியப்பன் கரும்பு லாரிக்கு லோடு ஏற்றுகிறவர். வேலையில்லாத நாட்களில் பட்டறைக்கு வந்து பலகையைப் பிடித்துக்கொள்வார், பிடிக்கிற நேரமெல்லாம் யோசனையும் சொல்வார். பிடித்ததற்கு மட்டும் கொளஞ்சியம்மாள் நன்றி பாராட்டுவார்.

இந்தத் தொழிலுக்கு அவர் வந்தது களைவெட்டு இல்லாத ஒரு கோடையில். அப்போது பட்டறை பிச்சைமுத்து மேஸ்திரியுடையது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்க ஓர் ஆள் வேண்டுமென்று கூப்பிட்டார்கள். தேய்க்கப் போனவர் பசை தடவினார், பசை தடவினவர் ரம்பம் பிடித்தார். பத்து வருஷம் கழித்து மேஸ்திரி திருப்பூரில் மகளோடு இருக்கக் கிளம்பியபோது, ஆயுதங்களை இவரிடமே விட்டுப் போனார். கூடவே ஒரு மூங்கில் குச்சியையும் கொடுத்தார்.

அந்தக் குச்சியில்தான் பட்டறையின் மொத்தக் கல்வியும் இருக்கிறது. ஒரு முழத்துக்குச் சற்று அதிகமான நீளம், அதில் மேஸ்திரி கத்தியால் வெட்டிய பதினோரு வெட்டுகள். முகப்பலகைக்கு ஒன்று, விலாவுக்கு ஒன்று, ஸ்பீக்கர் துளைக்கு ஒன்று, காற்று போகிற குழாயின் நீளத்துக்கு ஒன்று. பெட்டியின் முகத்தில், ஸ்பீக்கருக்குக் கீழே உள்ள ஓட்டையில் செருகும் பிளாஸ்டிக் குழாய் அது. அது இருந்தால்தான் அடி ‘கும்’மென்று வரும். டேப்பை வைத்து அங்குலம் பார்க்க கொளஞ்சியம்மாளுக்கு வராது, குச்சியை வைத்து வெட்டினால் மயிரிழை பிசகாது. மேஸ்திரி போய் ஆறு வருஷம் வரை அதில் ஒரு வெட்டைக்கூட அவர் கூட்டவில்லை, குறைக்கவுமில்லை. பஸ்ஸில் ஏறினாலும் மஞ்சள் பையில் குச்சி கூடவே வரும்.

தட்டிப் பார்க்கிற பழக்கம் ஒன்றும் அவருக்கு உண்டு. தேங்காய் வாங்குகிறவர்கள் மாதிரி பிளைவுட்டை விரல் முட்டியால் தட்டிக் காது கொடுப்பார். அது தொழில், சரி. ஆனால் சம்பந்தி வீட்டுக் கதவையும் தட்டிப் பார்த்து, “உள்ள பூச்சி இருக்குது” என்று சொல்லிவிட்டு வந்ததில் கொஞ்ச நாள் மனஸ்தாபம். சாமை விஷயத்திலும் வீட்டில் ஒரு வழக்கு நிலுவையில் இருக்கிறது. மலையிலிருந்து இறங்கி வாரச்சந்தையில் விற்கிற பெண்களிடம் அவர் படிக்கணக்கில் வாங்குகிறார். பெட்டியின் மேல் துள்ளிய சாமைதான் சோறாக வருகிறது என்பது வேடியப்பனின் குற்றச்சாட்டு. வார்னிஷ் வாசம் அடிக்கிறதாம். இரண்டுக்கும் தனித்தனி டப்பா என்று கொளஞ்சியம்மாள் சாதிக்கிறார்.

போன ஐப்பசியில், இவர் செய்த பெட்டி ஒன்றோடு செல்லமுத்து வந்தார். உளுந்தூர்பேட்டைக் கூட்டுரோட்டில் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவர், முகூர்த்த நாட்களில் தங்கதுரையின் லைட் மியூசிக் பார்ட்டியில் பேஸ் கிடார் வாசிக்கிறவர். நாலே நாலு தடித்த கம்பி உள்ள கிடார் அது. பாட்டின் அடியில் அது நடந்துகொண்டே இருக்கும், கேட்கிறவர்கள் பாடகரையும் டிரம்ஸையும்தான் கேட்பார்கள். இப்போது தங்கதுரைக்கும் அது கேட்கவில்லை. பார்ட்டியில் சேர்ந்த புதுக் கீபோர்டுக்காரர் இடது கையாலேயே அந்த வேலையைச் செய்துவிடுகிறார், அப்புறம் தனியாக ஓர் ஆள் எதற்கு? மாசி பிறந்ததும் வர வேண்டாம் என்று செல்லமுத்துவிடம் சொல்லிவிட்டார்.

“அக்கா, ஒரே ஒரு சுரம் வரும்போது மட்டும் பொட்டி மாடு மாரி கத்துது. மத்ததெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல. நான் வாசிக்கிறது எனக்கே கேக்க மாட்டேங்குது.”

அதோடு நிற்காமல் வாசித்தும் காட்டினார். கிடாரின் கழுத்தில், கம்பிக்கு அடியில் உள்ள கட்டைகளில் விரல் ஒவ்வொன்றாக ஏறியது. சின்னச் சின்னதாக வந்த ஒலி, ஒரு கட்டையில் கொட்டகைத் தகரமே அதிரும்படி வீங்கியது. அடுத்த கட்டையில் மறுபடி காணாமல் போனது. சாமையும் அந்த ஒரு சுரத்துக்குத்தான் துள்ளியது. கொளஞ்சியம்மாள் எல்லாவற்றையும் பார்த்தார். பார்த்தும் அவருக்குக் கோபம்தான் வந்தது.

“இந்தக் குச்சி அளவுல நூறு பொட்டி போயிருக்குது தம்பி. ஒருத்தரும் வாயத் தொறந்ததில்ல” என்று சொல்லி அனுப்பிவிட்டார். அன்று மத்தியானம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. ‘அடி நெஞ்சில் விழ வேண்டும்’ என்றுதான் மைக் செட்காரர்கள் கேட்பார்கள். விழுந்தது. எந்த அடி விழுந்தது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை, அவரும் கேட்டுக்கொண்டதில்லை.

கார்த்திகை மழை விட்டதும் மணலூர்பேட்டை சுப்புராயன் டெம்போவில் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினார். நிலம் நீச்சு உள்ளவர், மைக் செட் அவருக்கு ஓர் ஆசைக்கு. நெஞ்சில் மோதிக்கொண்டிருந்த பெட்டி இப்போது சீக்கில் விழுந்த மாதிரி பேசுகிறது, என்னவென்று பார் என்றார். திறப்பதற்கு முன் கொளஞ்சியம்மாள் ஒரு கேசட்டைப் போட்டுக் கேட்டார். உண்மைதான், குத்து இல்லை. ஆனால் பாட்டின் அடியில் பேஸ் கிடார், ஒருவர் படியேறி இறங்குவது மாதிரி, ஒவ்வொரு படியாகக் கேட்டது. பாட்டை நிறுத்திவிட்டு, முதலிலிருந்து மறுபடியும் போட்டார். மூன்றாவது தடவை போட்டபோது சுப்புராயன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பெட்டியின் முகத்தில் இருந்த குழாயில் கையை விட்டால் கை போகவில்லை. எலி கூடு கட்டியிருந்தது. கிழிந்த புடவை, வைக்கோல், வேர்க்கடலைத் தோல், யார் வீட்டுக் கல்யாணத்திலோ போட்ட சரிகை மாலை, எல்லாவற்றையும் இறுக்கித் திணித்து எலி அந்தக் குழாயை அடைத்துவிட்டிருந்தது. அவற்றைப் பிடுங்கி எறிந்து பாட்டைப் போட்டார். குத்து திரும்பி வந்தது, சுப்புராயன் முகம் மலர்ந்தது. படியேறி இறங்கியவரைக் காணோம்.

டெம்போ போனதும் உளுந்தூர்பேட்டை பஸ் கண்டக்டரிடம் செல்லமுத்துவுக்குச் சொல்லியனுப்பினார்: பேஸ் கிடாருக்கு ஒரு பெட்டி செய்கிறேன், குழாயே இல்லாத பெட்டி.

குழாய் இல்லாத பெட்டிக்குக் குச்சியில் வெட்டு இல்லை. அவர் ஒரு சணல் நூலை எடுத்தார். அகலத்துக்கு ஒரு முடிச்சு, ஆழத்துக்கு ஒரு முடிச்சு. குச்சியிலேயே வெட்டிவிட வேண்டியதுதானே என்று வேடியப்பன் கேட்டார். “நூல்ல போட்ட முடிச்ச அவுத்துக்கலாம். குச்சில வெட்டிட்டா வெட்டினதுதான்” என்றார். அவருக்குப் பயமாக இருந்தது. மேஸ்திரி வைத்துவிட்டுப் போன பதினோரு வெட்டுக்குப் பக்கத்தில் தப்பான ஒரு வெட்டு விழுந்தால், அப்புறம் குச்சியை எடுக்கும் போதெல்லாம் அதுவும் கண்ணில் படும்.

இரண்டு முறை முடிச்சை அவிழ்த்தார். முதல் பெட்டியில் காற்று வெளியே போக வழியில்லாமல் விலாப் பலகைகள் பேச ஆரம்பித்தன, சாமை நாலாபக்கமும் சிதறியது. குறுக்குக் கட்டைகள் அடித்தார். இரண்டாவதில் ஒலி மூக்கடைத்த மாதிரி வந்தது. ஆழத்தைக் கொஞ்சம் கூட்டி உள்ளே இலவம் பஞ்சு வைத்தார். மூன்றாவதைக் கொட்டகைக்கு வெளியே வெற்று நிலத்தில் தூக்கி வைத்தார்கள், சுவர்களுக்கு நடுவில் எந்தப் பெட்டியும் வீரம் காட்டும். செல்லமுத்து கீழிருந்து மேல் வரை ஒவ்வொரு கட்டையாக வாசித்தார். எல்லாச் சுரங்களும் ஒரே உயரத்தில் வரிசையாக வந்து நின்றன, சாமை அசையவில்லை. செல்லமுத்து, திருநாவலூரில் தை மாசக் கடைசியில் ஒரு காதுகுத்து இருக்கிறது, அன்றைக்குக் கேட்டுவிட்டு முடிவு சொல்வதாகத் தங்கதுரை ஒப்புக்கொண்டிருக்கிறார், நீங்களும் வர வேண்டும் என்றார்.

காதுகுத்து வீட்டின் முன்னால் பந்தல் போட்டு, பீப்பாய்களை அடுக்கி அதன்மேல் பலகை பரப்பி மேடை கட்டியிருந்தார்கள். காலை பத்தரை மணி. கொளஞ்சியம்மாளோடு வேடியப்பனும் வந்திருந்தார். பேஸ் பெட்டி மேடையின் மேல் டிரம்ஸுக்குப் பக்கத்தில் இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று கீபோர்டுக்காரரை இடது கையையும் போடச் சொல்லியிருந்தார் தங்கதுரை. முதல் பாட்டு தொடங்கியது. பழைய மாடு திரும்பி வந்து கத்தியது. தங்கதுரை செல்லமுத்துவைத் திரும்பிப் பார்த்த பார்வையில் மாசி மாதம் பிறந்தே விட்டது.

பாட்டு முடிவதற்குள் கொளஞ்சியம்மாள் மேடைக்குப் பின்பக்கமாக ஏறிவிட்டார். பட்டுப்புடவை கட்டிய பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, மடியிலிருந்து சாமையை எடுத்துப் பெட்டியின் தலையில் தூவினார். ஏதோ திருஷ்டி கழிக்கிறார் போலிருக்கிறது என்று ஒரு கிழவர் கையெடுத்துக் கும்பிட்டார். பெட்டியின் மேல் விழுந்த சாமை அப்படியே கிடந்தது. கை தவறி மேடைப் பலகையில் சிந்திய சாமைதான் துள்ளிக்கொண்டிருந்தது.

அவர் உட்கார்ந்து பலகையை விரல் முட்டியால் தட்டினார். கீழே வெற்றிடம். பெட்டி சும்மா இருக்க, மேடையே ஒரு பெரிய பெட்டியாகி முழங்கிக்கொண்டிருந்தது.

பாட்டு முடிந்ததும் தங்கதுரையிடம் போய் நின்றார். “பொட்டி பேசலீங்க. மேடைதான் பேசிக்கினு இருக்குது. கீழ எறக்கச் சொல்லுங்க.” தங்கதுரைக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அந்த அம்மாள் நின்ற நிற்பில், முடியாது என்று சொல்லவும் அவருக்கு வரவில்லை. செல்லமுத்துவும் வேடியப்பனும் பெட்டியைத் தூக்கி மேடைக்குக் கீழே மண் தரையில், வீட்டுச் சுவர் அதன் முதுகுக்கு இருக்கும்படி வைத்தார்கள்.

இரண்டாவது பாட்டில் அது வந்தது. வெற்று நிலத்தில் கேட்டதைவிடச் சதையோடு, ஒவ்வொரு அடியும் தனித்தனியாக, பாடகரின் குரலைத் தாங்கிக்கொண்டு நடந்தது. பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தவர் அந்த நடைக்கே இலை போட ஆரம்பித்தார். தாய்மாமன் மடியில் அழ ஆயத்தமாக இருந்த குழந்தை அழுகையைத் தள்ளிப்போட்டது. தங்கதுரை செல்லமுத்துவைப் பார்க்கவில்லை, தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் கீபோர்டுக்காரர், யாரும் சொல்லாமலே, இடது கையைக் கட்டைகளிலிருந்து எடுத்தார். அது போக இடமில்லாமல் ஒரு கணம் காற்றில் நின்றது. பிறகு பக்கத்தில் இருந்த காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டது.

கொளஞ்சியம்மாளுக்கு அது போதும். பந்தலின் ஓரத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். மஞ்சள் பையிலிருந்து குச்சியையும் சணல் நூலையும் எடுத்து, நூலை அதன்மேல் இழுத்துப் பிடித்தார். அகலத்தின் முடிச்சு பழைய வெட்டு ஒன்றிலேயே வந்து நின்றது. வேடியப்பனிடம் பேனாக்கத்தியைக் கேட்டு வாங்கி, ஆழத்துக்குப் போட்ட இரண்டாவது முடிச்சு நின்ற இடத்தில் அழுத்தி ஒரு வெட்டு வெட்டினார்.