கினுவா, குனுவா

எம்.ஏ. தமிழ் இரண்டாம் வருஷத்தில் நானும் என் தோழியும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினோம். எங்கள் கல்லூரி கும்மிடிப்பூண்டி பக்கம். நான் பொன்னேரிக்கு உள்ளே நெல் போடுகிற வீட்டுப் பெண். அவள் பழவேற்காட்டு ஏரியில் மீன் பிடிக்கிற வீட்டுப் பெண். ‘போய்க்கொண்டு’ என்பதை நான் ‘போய்க்கினு’ என்பேன், அவள் ‘போய்குனு’ என்பாள். யார் சொல்வது சரி என்று முதல் வருஷத்திலிருந்தே எங்களுக்குள் சண்டை. இதை வைத்தே கல்லூரிக் கருத்தரங்குக்கு ஒரு கட்டுரை எழுதுங்களேன் என்று துறைத்தலைவர் சொன்னபோது கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்தோம். அவர் நிஜமாகத்தான் சொல்லியிருந்தார்.

நாலு மாதம் செல்போனை நீட்டிக்கொண்டு திரிந்தோம். மின்ரயிலில், அரிசி மில்லில், மீன் ஏலம் போடும் இடத்தில், தொழிற்பேட்டை வாசல் டீக்கடையில். போனைக் கண்டதும் எல்லாரும் செய்தி வாசிப்பவர்களாக மாறிவிடுவார்கள். என் அம்மாவே “நான் சமைத்துக்கொண்டு இருக்கிறேன்” என்றாள். பிறந்ததிலிருந்து அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. எப்படியோ ஒரு முடிவுக்கு வந்தோம்: வயல் பக்கம் கினு, ஏரிக்கரையில் குனு. அதற்கு ஒரு வரைபடமும் போட்டோம். கினு பச்சை, குனு நீலம். அதைப் பார்த்துப் பார்த்து எங்களுக்கே பெருமை தாங்கவில்லை.

கருத்தரங்குக்குத் தலைமை தாங்க திருநெல்வேலியிலிருந்து ஒரு பேராசிரியை வந்திருந்தார். எங்களுக்கு முன்னால் வாசித்த இரண்டு பேரையும் அடிக்குறிப்பு சரியில்லை என்று உலுக்கி எடுத்துவிட்டார். மேடைக்குப் பின்னால் நின்றிருந்த எங்களுக்குப் பயத்தில் சிரிப்பு வந்தது. நின்றபாடில்லை. மேடையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை என்று சத்தியம் பண்ணிக்கொண்டு ஏறினோம்.

எடுத்துக்காட்டுகளை வாசிப்பது அவள் வேலை. கோர்ட்டில் சாட்சி சொல்கிற முகத்தோடு ஒவ்வொன்றாகப் படித்தாள். “எடுத்துக்காட்டு ஏழு. இன்னா பண்ணிக்கினு கீற, மாடு பயிர மேஞ்சிக்கினு கீது.” பின்வரிசையில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். அவ்வளவுதான், கட்டுரைத் தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். தாள் ஆடியது. முடிவுரையை நான் வாசித்து முடிப்பதற்குள் இரண்டு முறை தண்ணீர் குடித்தேன்.

பிறகு கலந்துரையாடல். முதலில் எழுந்தவள் திருவள்ளூர் பக்கத்து ஜூனியர். அவர்கள் வீட்டிலும் விவசாயம்தான். “அக்கா, எங்க ஊட்ல எல்லாரும் குனுதான். நாங்க பழவேற்காட்ட பார்த்ததே இல்ல.” அவள் உட்காருவதற்குள் அத்திப்பட்டுக்குப் பக்கத்தில் கடலோரக் குப்பத்திலிருந்து வரும் ஒரு பையன் எழுந்து, தன் வீட்டில் அத்தனை பேரும் கினுதான் என்றான். செவ்வாப்பேட்டைக்காரி ஒருத்தி, அம்மாவிடம் பேசும்போது கினுவும் மாமியாரிடம் பேசும்போது குனுவும் தனக்கு வருவதாகச் சொன்னாள். திரையில் எங்கள் பச்சையும் நீலமும் பரிதாபமாக நின்றன.

பேராசிரியை நாற்காலியை விட்டு எழுந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ, கினு சொல்கிறவர்களெல்லாம் கை தூக்குங்கள் என்றார். பாதி அரங்கம் தூக்கியது. வகுப்பில் சுத்தத் தமிழைத் தவிர வேறு பேசாத எங்கள் துறைத்தலைவரும் தோள் உயரத்துக்குக் கையைக் கொண்டுபோனார். அதைப் பார்த்து எழுந்த சிரிப்பு அடங்கவே கொஞ்ச நேரமானது. அடுத்து குனு. இரண்டுக்கும் கை தூக்கியவர்கள் பலர். நாங்கள் ஓடி ஓடி ஊர் ஊராகக் குறித்தோம். நாலு மாதத்தில் கிடைக்காதது பத்து நிமிஷத்தில் கிடைத்தது. நடுவே பேராசிரியை தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். “போய்க்கின்னு” என்று அழுத்திவிட்டார். மொத்த அரங்கமும் சேர்ந்து அவரைத் திருத்தியது.

கடைசியில் எங்களைப் பார்த்து, “முடிவு தப்பு. திரும்ப எழுதுங்க. ஆனா காலையில இருந்து இந்தக் கட்டுரைக்குத்தான் ஒருத்தரும் தூங்கல” என்றார்.

கட்டுரை தப்பாகிப்போன நாளில் அவ்வளவு சந்தோஷம் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். ஸ்டேஷன்வரை புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினோம். ரயிலிலும் விடவில்லை. எதிரில் உட்கார்ந்திருந்த, கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை மாட்டிய அக்காவிடம் என் தோழி குனிந்து, நீங்க வந்துக்கினுன்னு சொல்வீங்களா, வந்துகுனுன்னு சொல்வீங்களா என்று கேட்டேவிட்டாள்.

அந்த அக்கா எங்கள் பட்டுப்புடவைகளையும் கையிலிருந்த பேனாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஊட்ல சொல்லிட்டுதான் வந்தீங்களா ரெண்டு பேரும்?” என்று கேட்டாள்.

பொன்னேரி வரும்வரை சிரிப்பில் எங்களால் நிமிர முடியவில்லை.