திருப்பிச் சொன்னதால் வந்த வினை

மனோதத்துவ எம்.ஏ. வகுப்பில் நாங்கள் இரண்டே பெண்கள். அவள் திருவொற்றியூர்க் குப்பத்துக்காரி. அப்பா கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவர், அம்மா கூடையில் மீன் விற்கிறவள். நான் ராயபுரத்து மளிகை மொத்தக் கடைக்காரர் மகள். எங்கள் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். கல்லூரி விட்டதும் அவளும் என்னோடு ராயபுரத்தில் இறங்கிவிடுவாள். கடை மாடியில் மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே தும்மிக்கொண்டே படிப்போம். தும்மல் வந்தால் தூக்கம் வராது என்பது ஒரு சௌகரியம்.

இரண்டாம் வருடம் கவுன்சலிங் என்று புதிதாக ஒரு பாடம் சேர்த்தார்கள். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த பேராசிரியர் முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார்: புத்திமதி கூடாது. கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் கேட்டவரையே யோசிக்க விட வேண்டும். எதிரில் இருப்பவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே திருப்பிச் சொல்ல வேண்டும். அப்போதுதான் அவர் மனம் திறப்பார். எங்கள் பக்கத்தில் வழி கேட்டால்கூட வழியோடு புத்திமதியும் சேர்ந்துதான் வரும். அங்கே பிறந்துவிட்டு வாயைக் கட்டுவது சாமானியமில்லை. இருந்தாலும் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் பழகிப் பார்த்தோம்.

கார்த்திகை மாதம் ஒரு நாள் அவள் மூட்டை மேல் உட்கார்ந்து அழுதாள். முகத்துவாரக்குப்பத்தில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்களாம். தையில் கல்யாணம். எங்கள் பரீட்சையோ பங்குனியில். கல்யாணம் ஆனால் பரீட்சை கிடையாது என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"உங்க அப்பாகிட்ட நான் பேசறேன்" என்றேன். அந்த வயதில் எனக்கு என்மேல் சந்தேகமே வந்ததில்லை. இப்போதும் அதிகம் வருவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்ததும் குப்பத்துக்குப் போனேன். அவள் இருந்தால் அவர் மனம் திறக்க மாட்டார் என்று அவளை வெளியே அனுப்பிவிட்டேன். அவர் வீட்டு வாசல் மணலில் உட்கார்ந்து வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். பங்காளிகள் நாலு பேர் சுற்றி இருந்தார்கள்.

"படிச்சது போதும்மா. முடிச்சிக்கலாம்" என்றார்.

"படிச்சது போதும், முடிச்சிக்கலாம்" என்றேன், பாடத்தில் இருந்தபடியே நிதானமாக.

நிமிர்ந்து பார்த்தார். "தை பொறந்தா கண்ணாலம்."

"தை பொறந்தா கல்யாணம்."

அவர் குரல் தணிந்தது. "அவ இப்பல்லாம் எங்கிட்ட பேசறதே இல்ல."

"அவ உங்ககிட்ட பேசறதே இல்ல."

பங்காளிகள் தலையாட்டினார்கள். அவர் பெருமூச்சு விட்டார். அவள் அம்மா எனக்கு ஒரு தட்டு நிறைய வறுத்த நெத்திலி கொண்டுவந்து வைத்தாள். பேராசிரியர் பார்த்திருந்தால் முழு மார்க் போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டு அத்தனையையும் தின்றேன்.

ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள். பெருமையாக எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அடிப்பாவி! கரையில ஏலம் உடுறப்போ சொன்ன வெலைய திருப்பிச் சொன்னா இன்னா அர்த்தம் தெரியுமா? சரக்க எடுத்துக்கினேன்னு அர்த்தம். அப்பறம் பேச்சே கெடையாது. நாலு பேரு முன்னாடி என் கண்ணாலத்த நீ முடிச்சுக் குடுத்துட்டு வந்துகீற!"

ஆனால் தப்பு என்னுடையது என்று இன்றைக்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் அப்படிக் கிளிப்பிள்ளை மாதிரி திருப்பிச் சொல்லியிராவிட்டால் அந்த மூன்றாவது பேச்சு அவர் வாயிலிருந்து வந்தே இருக்காது. அவளும் அந்தப் பேச்சைத்தான் பிடித்துக்கொண்டாள்.

"பேசறதே இல்லன்னா சொன்னாரு? எங்க நைனாவா?"

ரோட்டோரம் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு விஷயத்தைச் சொன்னாள். கடலிலிருந்து வந்ததும் அவர் அவளிடம்தான் எதையும் கேட்பாராம். வலையை மாற்றலாமா, சித்தப்பனோடு சேர்ந்து புதுக் கட்டுமரம் வாங்கலாமா என்று. முன்பெல்லாம் அவள் சரிக்குச் சரி மல்லுக்கு நிற்பாள். இந்தப் பாடம் ஆரம்பித்த பிறகு எது கேட்டாலும் ஒரே பதில்தான்: "நீ இன்னா நெனைக்கிற நைனா?" அவள் அவரிடம் பாடம் பழகியிருக்கிறாள். அவரோ, படித்த பெண்ணுக்குத் தன்னிடம் பேச இஷ்டமில்லை என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்.

வந்த வழியே திரும்பி விறுவிறுவென்று நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். பங்காளிகள் இன்னும் கலையவில்லை. அவள் நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

"தையில கண்ணாலமா? அறிவு கீதா உனக்கு? பங்குனியில பரிச்ச வெச்சிகினு எவளாவது போய் மணையில குந்துவாளா? இந்த வலைய எத்தினி வாட்டிதான் தெச்சிகினே இருப்ப? தூக்கி கடாசிட்டு புதுசு வாங்குன்னு போன வருசமே சொன்னனா இல்லியா? சித்தப்பனோட கூட்டு சேந்த, நீ நடுத்தெருவுலதான் நிப்ப!"

சித்தப்பா அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார். அவள் அப்பா கை ஓங்கப்போகிறார் என்றே நினைத்தேன். அவர் தைக்கிற ஊசியைக் கீழே வைத்தார். முகத்தைத் துண்டால் துடைத்தார். துடைத்தது வியர்வையை அல்ல.

"முகத்துவாரத்துக்காரங்ககிட்ட பங்குனி போவட்டும்னு சொல்லிடு" என்றார் தம்பியிடம். பிறகு வீட்டுக்குள் பார்த்துக் கூப்பிட்டார்.

"இந்தாம்மே, சோறு போடு. எம் பொண்ணு வூட்டுக்கு வந்துட்டா."