லாக்னன் வீட்டைக் காட்டியவள்

கில்மாலக் ஊரின் பழைய மதிலோரம் ஒரு கல்வீட்டில் ஹன்னி டொகெனி தனியாக இருந்தாள். முன்பு அது லாக்னன் குடும்பத்தின் வீடு. குத்தகை பாக்கிக்காக நிலப்பிரபுவின் ஆட்கள் அவர்களைக் குழந்தைகுட்டிகளோடு தெருவில் தள்ள, ஹன்னியின் தாத்தா உடனே உள்ளே குடிபுகுந்தார். ஊர் அதை மறக்கவில்லை. "என்னிக்காவது திரும்பி வருவாங்கடி" என்று அம்மா சாகும்வரை கதவைத் தாழிட்டே வைத்திருந்தாள். அந்தப் பயம் ஹன்னிக்கும் ஒட்டிக்கொண்டது. கோடையில் அமெரிக்காக்காரர்கள் முன்னோரைத் தேடி வந்து கல்லறைகளில் பேர் படிக்கப் பாசியைச் சுரண்டும் நாட்களில், அவள் கடைத்தெருப் பக்கமே போகமாட்டாள்.

ஒரு ஜூன் மாதம், துணி உலர்த்திக்கொண்டிருந்தவளிடம் ஒரு கிழவர் வந்து தொப்பியைக் கழற்றினார்.

"நான் கிளெம் லாக்னன், அமெரிக்காவுல பஃபலோலேர்ந்து வர்றேன். எங்க தாத்தா பொறந்த வீடு இந்தப் பக்கம்தான்னாங்க. எதும்மா அது?"

ஹன்னியின் கை தானாக உயர்ந்து, கூரையில்லாமல் நின்ற பக்கத்து வீட்டு ஜோன்ஜோவின் மாட்டுக்கொட்டிலைக் காட்டியது.

அவர் அங்கே போய்ச் சுவரில் நெற்றியை வைத்து அழுதார். ஹன்னி திரைச்சீலை இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் ஜோன்ஜோ வந்தான். "ஏன் ஹன்னி, எங்க மாடெல்லாம் எப்போ லாக்னன் ஆச்சு?"

"மெதுவாப் பேசு, உனக்குப் புண்ணியமாப் போகும். சொல்லித் தொலைச்சிட்டியா?"

"நான் ஏன் சொல்றேன்? கொட்டிலை வாங்கிக்கிறேங்கறாரு. கூரை போட்டுக் குடிவரப் போறாராம்!"

சொன்னபடியே கிளெம் குடிவந்தார். தேவாலயத்தில் பூசை முடிந்து திரும்பும்போதெல்லாம் அவள் வீட்டில் தேநீர் குடித்தார். "நல்ல கட்டடம். ரொம்ப காலமா இங்கதானா?" என்று அவர் சுவரைத் தடவினார்.

"ஆதியிலேர்ந்து எங்களதுதான்" என்றாள்.

கதவு தட்டப்படும்போதெல்லாம், தெரிந்துவிட்டது என்றே எழுந்து போவாள். அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை. மார்ச்சளி கண்டு படுத்தபோது அவள்தான் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். அவர் இறந்த பிறகு பார்த்தால், கொட்டில் வீட்டை அவள் பேருக்கே எழுதிவைத்திருந்தார்.

"பலே! உன் தாத்தா எடுத்தது ஒண்ணு, நீ எடுத்தது ஒண்ணு" என்றான் ஜோன்ஜோ.

அவள் சிரிக்கவில்லை. கொட்டில் வீட்டுச் சாவியைக் கொண்டுபோய்ப் பாதிரியாரின் மேசையில் வைத்தாள்.

"ஏம்மா, மனசாரத்தானே குடுத்திருக்காரு?"

"பொய் சொன்னவளுக்கு மனசாரக் குடுத்திருக்காரே, அதாங்க ஃபாதர் பயமா இருக்கு" என்றாள் ஹன்னி. சாவியை மறுபடி தொடவில்லை.