எஹலியகொட பேட்டரிக் கடையில் என் செல்போன்

2005 ஜூலை, வெள்ளிக்கிழமை. திருச்சியில் விமானம் ஏறும்போது என் மனைவி மல்லிகா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். "எங்க வேணா போயிட்டு வாங்க. போன் மட்டும் எப்பவும் ஆன்ல இருக்கணும்." பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இலங்கைத் தோட்டத்திலேயே தங்கிவிட்ட சித்தப்பாவின் மகளுக்குக் கல்யாணம். அப்பாவுக்கு முழங்கால் வலி என்பதால் என்னை அனுப்பினார். நான்கு நாள்தானே என்று கிளம்பிவிட்டேன்.

மாலை ஐந்து மணி, கொழும்பு புறக்கோட்டை. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வாங்கிய சிம்மின் எண்ணை மல்லிகாவுக்குச் சொல்லியாயிற்று. விடுதிச் சுவரைப் பார்த்ததும் பகீரென்றது. என் சார்ஜருக்கு உருண்டையாக இரண்டு பின். சுவரில் சதுரமாக மூன்று ஓட்டை. கடைத்தெருவுக்கு ஓடி நூற்றிருபது ரூபாய்க்கு அடாப்டர் வாங்கி வந்து மாட்டினேன். விளக்கு எரியவில்லை. மேனேஜரைக் கூப்பிட்டால், "அந்த ப்ளக் வேலை செய்யிறதில்லையே" என்கிறார், ஏதோ நான்தான் கெடுத்த மாதிரி. இதை முதலிலேயே சொன்னால் என்னவாம்?

அந்த நேரம் பார்த்து மல்லிகா கூப்பிட்டாள். "பேட்டரி ரெண்டு கோடுதான் இருக்கு. அவசரம்னா மட்டும் பேசு, வை" என்று வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை எட்டு மணி. இரத்தினபுரி பஸ். நான் இறங்க வேண்டிய எஹலியகொட ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர். அவிசாவளை தாண்டியதும் இரு பக்கமும் ரப்பர் மரங்கள், அவற்றின் மேல் விடாத மழை. அழகுதான். ஆனால் நான் பார்த்தது முழுக்க செல்போன் திரையை. மறுபடி மல்லிகா. "என்னமோ மாதிரி இருக்குங்க" என்றாள். "உங்கம்மாகிட்ட சொல்லு. ஒரு கோடுதான் இருக்கு, வை" என்றேன்.

பதினொன்றரைக்கு எஹலியகொடவில் சாப்பாட்டுக் கடை. இங்கே ஓட்டைகள் உருண்டை! சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் தெரிந்துவிட்டது, அது நம்மூரில் ஃபிரிட்ஜுக்கு வைக்கும் பெரிய ரகம். அடாப்டர் நுழையவே நுழையாது. சார்ஜரோ நுழைந்து கீழே விழுகிறது. இடது கையால் சார்ஜரைச் சுவரோடு அழுத்திக்கொண்டு வலது கையால் சோறு சாப்பிட்டேன். "ஷொக் அடிக்கும் மாத்தயா" என்று சிங்கள முதலாளி இரண்டு தடவை எச்சரித்தார். அடித்தால் அடிக்கட்டும் என்றிருந்தது. இருபது நிமிடத்தில் அந்த ஒரு கோடு அப்படியே இருந்தது.

அங்கிருந்து தோட்டத்துக்கு ஆறு கிலோமீட்டர். த்ரீவீல் ஆட்டோவுக்கு இருநூற்றைம்பது ரூபாய். ஓட்டுநர் செல்வத்திடம் கேட்டேன், லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், எந்த மாதிரி ப்ளக் என்று.

"லயத்துல கரண்ட் எங்கங்க இருக்கு?" என்று சிரித்தார். "டீவி பாக்கவே கார் பேட்டரிதான்."

ஒரு மணிக்கு சித்தப்பா கட்டிப்பிடித்து அழுதார். நானும் அழுதேன், பாதி பாசம், பாதி பேட்டரி. மலைநீர் கொட்டும் பீலியில் குளித்துவிட்டு வந்து பார்த்தால் செல்போன் இல்லை, சார்ஜரும் இல்லை.

"செல்வம்கிட்ட குடுத்து அனுப்பிட்டேன் தம்பி" என்றார் சித்தப்பா, பெருமையாக. "கல்யாணப் பந்தல் லைட்டுக்கு லயத்து பேட்டரி எல்லாம் டவுனுக்கு சார்ஜுக்குப் போச்சு. ஒன் போனையும் நம்ம பேட்டரியோட கட்டி விட்டுட்டேன். பேரெல்லாம் எழுதிட்டேன். நாளைக்குக் காலையில வந்துரும்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பெற்ற தகப்பன் மாதிரி நிற்கிற மனிதரைத் திட்டவும் முடியாது. கொட்டுகிற மழையில் டவுனுக்கு நடக்க ஆரம்பித்தேன். இரண்டு கிலோமீட்டரில் காலெல்லாம் அட்டை. முன்னே ஓடை பெருகிப் பாதையை மூடியிருந்தது. திரும்பி வந்து, சித்தி கொடுத்த உப்பால் அட்டைகளை உதிர்த்தேன். அந்தக் கல்யாண வீட்டில் சிரிக்காத ஆள் நான் ஒருவன்தான்.

ஞாயிறு, காலை ஏழே கால். செல்வத்தின் வண்டி வந்தது. பேட்டரியை இறக்குவதற்கு முன்பே லயத்து வாசலில் நின்று கத்தினார்: "இந்தியாக்காரருக்குப் பொம்பளப் புள்ளைங்க!"

எனக்கு முன்னால் லயமே அறிந்துவிட்டது. சித்தி குலவை போட்டாள். செல்போன் சித்தப்பாவின் பேட்டரியோடு நூலால் கட்டப்பட்டிருந்தது. சித்தப்பா எழுதிய 'இந்தியா' என்ற சீட்டின் பின்பக்கம், வேறொரு கையெழுத்து: 'காலை ஆறு மணிக்கு. தாயும் பிள்ளையும் சுகம். மாமியார் பேசினார்.' சார்ஜ் முழுசாக இருந்தது.

சிக்னல் கிடைக்கிற தண்ணீர்த் தொட்டிக்கு ஓடிப்போய்ப் பேசினேன். மல்லிகா தூங்குகிறாள் என்றார்கள்.

திங்கட்கிழமை திரும்பும் வழியில், டவுனில் பேட்டரி சார்ஜ் போடும் அந்தக் கடைக்குப் போனேன். முதலாளி ஒரு முஸ்லிம் பெரியவர். ஊரே நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுகிறது. சுவரில் ஒரு பலகை. அதில் சதுர ஓட்டை, உருண்டை ஓட்டை, பெரியது, சின்னது, பட்டை என்று உலகத்திலுள்ள அத்தனை ரகமும்.

"குவைத்துக்கும் டுபாய்க்கும் வேலைக்குப் போற புள்ளைகள் கொணர்ற சாமானுக்கு எல்லா ப்ளக்கும் வேணும் தம்பி" என்றார். "சனிக்கிழமை அந்தியில ஒங்கட வீட்டுத் தங்கச்சி கோல் எடுத்திச்சி. வலி தொடங்கிட்டு, பயமா ஈக்கிதுன்னு அழுதிச்சி. நான் யாரோ ஒரு ஆள், என்ன செய்ற? வைக்க மனம் வரல்ல. ஆஸ்பத்திரிக்கு வண்டி வாறவரைக்கும் பேசிட்டு ஈந்தேன்."

சார்ஜுக்கு இருபது ரூபாய் வாங்கிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை பிற்பகல், திருச்சி ஆஸ்பத்திரி. கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் நம்மூர் ஓட்டை. சார்ஜர் முதல் தடவையிலேயே கச்சிதமாகப் பொருந்தியது. மூன்று நாள் எரிச்சலையும் ஒன்று விடாமல் மல்லிகாவிடம் கொட்டினேன்: மேனேஜர், அடாப்டர், அட்டை, கேட்காமல் போனைக் கொடுத்தனுப்பிய சித்தப்பா. குழந்தையைத் தட்டிக்கொண்டே கேட்டாள்.

"சித்தப்பாவத் திட்டாதீங்க" என்றாள். "போன் உங்க கையில இருந்திருந்தா, சார்ஜ் இல்ல வைன்னுதான் சொல்லியிருப்பீங்க."