வாசனைக்குக் கட்டம் இல்லை

தொண்ணூறுகளின் கடைசியில், புனேயில் ஔந்து பகுதியில் ஃப்ளாட் வாங்கிய கையோடு எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டரும் வந்து சேர்ந்தது. வீட்டுக்காரர் சாஃப்ட்வேர் எழுதுகிறவர். பகலெல்லாம் ஆபீசில் எழுதுவது போதாதென்று வீட்டிலும் எழுதக் கை துறுதுறுத்தது. சமையலறைப் பக்கம் வர அவருக்குத் தைரியம் கிடையாது. மிச்சம் இருந்தது என் பால்கனி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியதுபோல நிறுத்தி, தொட்டி தொட்டியாக விசாரணை நடத்தினார். செடியின் பெயர், உயரம், தொட்டியின் அகலம், எந்தக் கிழமையில் தண்ணீர். நான் சொல்லச் சொல்ல அவர் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகத் தட்டினார். செடிகளுக்கெல்லாம் உத்தியோகம் கிடைத்துவிட்டதுபோல எனக்கும் கொஞ்சம் பெருமைதான், பொய் சொல்வானேன்.

கறிவேப்பிலையில்தான் வண்டி நின்றது. என்னிடம் இரண்டு செடி இருந்தன. ஒன்று நர்சரியில் வாங்கியது. என் தோள் உயரம், பளபளவென்று இலை. ஆனால் அதைப் போட்டால் போட்டது ரசத்துக்கே தெரியாது. இன்னொன்று, முருகன் கோவிலில் பழக்கமான, கட்கி பகுதியில் குடியிருக்கும் அக்கா தன் வீட்டு மரத்தடியில் தோண்டிக் கொடுத்தது. அதற்கு முன் அவர் கொடுத்த கன்றுகள் புனே குளிருக்குத் தாங்காமல் செத்தன. இதை மட்டும் வீட்டுக்காரரின் பழைய பனியனைப் போர்த்திக் காப்பாற்றி, முழங்கால் உயரத்துக்குக் கொண்டுவந்திருந்தேன். இலையைக் கிள்ளினால் கையெல்லாம் மணக்கும். புனே வந்ததிலிருந்து வாசனையாக ஒரு ரசம் வைத்ததில்லை. செடி இன்னும் கொஞ்சம் தேறட்டும் என்று ஓர் இலைகூடச் சமையலுக்குப் பறிக்காமல் காத்திருந்தேன்.

"ரெண்டும் கறிவேப்பிலதான அம்மிணி?" என்றார்.

"பேரு ஒண்ணுதானுங்க. வாசனை வேற. அதுக்கு ஒரு கட்டம் போடுங்க."

"வாசனைய எதுல அளக்கறது?"

வாசனைக்குக் கட்டம் வரவில்லை.

அந்த டிசம்பரில் சித்தி மகள் கல்யாணத்துக்கு நான் மட்டும் கோயமுத்தூர் போய்த் திரும்பினேன். பால்கனி விசாலமாகத் தெரிந்தது. கட்கிச் செடியைக் காணோம்.

"ஒரே பேர்ல ரெண்டு இருந்துச்சல்ல, டூப்ளிகேட்ட எடுத்துட்டேன். உசரமா இருக்கறத வெச்சுக்கிட்டேன்" என்றார், மெடல் குத்தச் சொல்லி நெஞ்சை நிமிர்த்துகிற மாதிரி. ஆபீசில் நாள் முழுக்க இதைத்தான் செய்கிறாராம். ஒரே பெயர் இரண்டு முறை இருந்தால் அவருக்குத் தூக்கம் வராது. மாடி வீட்டு மராத்தி அம்மாள் என் செடிகளை எப்போதும் புகழ்வாள் என்பதால் அவளுக்கே கொடுத்துவிட்டாராம்.

பெட்டியைப் பிரிக்காமல் மாடி ஏறினேன். கொடுத்ததைத் திருப்பிக் கேட்பதை எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் எப்படிச் சொன்னால் அசிங்கமாக இருக்காது என்று படிக்குப் படி ஒத்திகை பார்த்தேன். நான் வாயைத் திறக்குமுன் அந்த அம்மாள் ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து கையில் வைத்தாள். கடையில் வாங்கும் கறிவேப்பிலையில், அவள் பாஷையில் கடிப்பத்தாவில், இந்த வாசனையே கிடையாதாம். அதனால் ஓர் இலை விடாமல் உருவி, தேங்காய் எண்ணெயில் காய்ச்சி, தலைக்கு எண்ணெய் செய்துவிட்டாளாம். பாதி எனக்காம். தொட்டியில் ஒரு குச்சி நின்றது. அந்தக் குளிரில் அது துளிர்க்காது என்று எனக்குத் தெரியும். துளிர்க்கவும் இல்லை.

என்னை உட்காரவைத்து அவளே தலையில் தேய்த்துவிட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா வீட்டிலிருந்து வந்த ஏக்கம் என்று நினைத்துக்கொண்டு, பாவம், இன்னும் ஒரு கை எண்ணெய் வைத்துத் தேய்த்தாள். அவளிடம் என்னத்தைச் சொல்வது?

சாயங்காலம் ரசம் வைத்தேன். உயரமான செடியின் இலைதான். நான் குனிந்து பரிமாறும்போது அவர் மூக்கை உறிஞ்சினார்.

"அடேயப்பா, இன்னைக்குத்தான் நம்ம ரசம் ரசமாட்ட மணக்குது."

தட்டில் ஆளுக்கொரு மூலையாய்க் கிடந்த இலைகளைப் பார்த்தேன். என் தலையிலிருந்து எண்ணெய் நெற்றிக்கு வழிந்துகொண்டிருந்தது. இன்னொரு கரண்டி கேட்டார். இன்னும் கொஞ்சம் கிட்டப் போய் ஊற்றினேன்.