முழுக்கைச் சட்டை

போடியில் ஏலக்காய் வாங்கப் போயிருந்தேன். கடைக்காரர் ஒரு காயை நகத்தால் பிளந்து நீட்டினார். "உள்ள விதை எப்படி நல்லாக் கறுத்திருக்குன்னு பாருங்கக்கா." அந்த வாசனைக்கு எனக்கு ஒரு அதிகாரியின் முகம்தான் நினைவுக்கு வரும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பக்கத்து வீட்டில் செல்வி என்று என் வயதுப் பெண்ணைத் தத்தெடுத்திருந்தார்கள். பள்ளிக்கு அனுப்பாமல் ஏலக்காய் தரம் பிரிக்க உட்காரவைத்தார்கள். பச்சைக் காயில் வெளுத்தது கலந்துவிட்டால் கரண்டியைக் காய்ச்சிக் கையில் இழுப்பார்கள். அலறல் தெருவுக்கே கேட்கும். "அடுத்த வீட்டுச் சோலி நமக்கெதுக்கு" என்பாள் அம்மா. எங்கள் டீச்சர் ஒருவர்தான் புகார் எழுதிப் போட்டார்.

குழந்தைகள் நல அதிகாரி ஜீப்பில் வந்தார். வரப்போவதை முந்தின நாளே சொல்லியனுப்பிய புண்ணியவான். சித்திரை வெயிலில் செல்விக்கு முழுக்கைச் சட்டை மாட்டி நிறுத்தியிருந்தார்கள். வளர்த்தவர்கள் இருவரும் பக்கத்தில் நிற்க, "நல்லா பாத்துக்கிறாகளா பாப்பா?" என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். அவர் கையெழுத்துப் போட்டார்.

கிளம்பும்போது செல்வி பொறுக்கிய முதல்தரக் காயில் ஒரு பை கொடுத்தார்கள். அதை மட்டும் அவர் அப்படியே நம்பிவிடவில்லை. நாலைந்து காயைப் பிளந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகே ஜீப்பில் ஏறினார்.

அந்த மழைக்காலத்தில் செல்வி செத்துப்போனாள். அவருடைய காகிதத்தில் இன்னும் நலமாகத்தான் இருப்பாள்.

கடைக்காரர் இன்னொரு காயை எடுத்தார். "போதும்ணே" என்றேன்.

ஒரு சட்டைக் கையை மடக்கிப் பார்க்க இவ்வளவு நேரம்கூட ஆகியிருக்காது.